பாதாளத்து மாப்பிள்ளை

அத்தியாயம் ஏழு

போன வாரம் கதைக்காரியைக் கையில் ஒரு தாளோடு வேலை அறை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

தாளில் இருப்பது அவள் எழுதிய கதைதான். சிறுவர்களுக்கான கிரேக்கப் புராண வரிசையில் இது கடைசிப் புத்தகம். தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செபோனியை, நிலத்தைப் பிளந்துகொண்டு வந்த பாதாள ராஜா ஹேடீஸ் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிற இடம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியின்மேல் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது.

'அப்பா, அப்பா என்று அவள் கூவினாள்.'

இந்த வீட்டில் வரிகள் வெட்டுப்படுவது புதிதா என்ன? வெட்டுவதற்கென்றே மாடியில் ஓர் ஆள் உண்டு. கதைக்காரியின் கணவரான ஓவியரின் அக்கா, கதைக்காரிக்கு அண்ணி. பக்கங்களை அமைப்பதும் பதிப்பகத்தோடு மல்லுக்கட்டுவதும் அவள்தான். ஆனால் அண்ணி கணினியில் வெட்டுகிறவள். வெட்டின தடமே இருக்காது. சிவப்புப் பென்சில் ஓவியருடையது.

அதுதான் கதைக்காரியை உறுத்தியது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவள் கணவர் படித்ததில்லை. "யார் யார் வர்றாங்க? என்ன உடுத்தியிருக்காங்க? வெயிலா, நிழலா?" இவ்வளவுதான் கேட்பார். பதில் வந்ததும் வரைய உட்கார்ந்துவிடுவார். படித்தால் கை தடுமாறும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனுஷர் இந்தத் தடவை படித்திருக்கிறார். படித்ததோடு விடாமல் ஒரு வரியை அடித்தும் இருக்கிறார்.

அதுவும் போயும் போயும் அந்த வரியை.

அறை மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஓவியர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது நீங்க அடிச்சதா?"

"எது?" அவர் திரும்பவில்லை.

"திரும்பிப் பாத்தாத்தானே எதுன்னு தெரியும்."

திரும்பினார். தாளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓ, அதுவா? குழந்தைங்க புத்தகத்துல எதுக்கு அந்தக் கூச்சல்? பக்கத்துலயும் இடமில்ல."

"இடமில்லைன்னு அண்ணி சொல்லணும். நீங்க எப்போலேர்ந்து இடம் அளக்க ஆரம்பிச்சீங்க?"

"சும்மா கண்ணுல பட்டுச்சு."

"நம்ம பொண்ணோட மார்க் ஷீட்டே உங்க கண்ணுல பட்டதில்ல."

"ஆரம்பிச்சிட்டியா?" என்று ஓவியர் சிரித்தார். சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. "இப்பல்லாம் அந்தக் கதையை யாரும் கடத்தல்னு எழுதறதில்லையாம். ஹேடீஸ் பாவம், தனியா கெடந்த ஆளு. நல்லவன். அவளைப் பாத்தான், புடிச்சுப் போச்சு. அவளும் இஷ்டப்பட்டுத்தான் போனா. சந்தோஷமா இருந்தாங்க. இப்படி எழுதினா என்ன கொறஞ்சா போயிடும்?"

"யாரு சொன்னா?"

"படிச்சேன்."

"நீங்க?"

"ஏன், நான் படிக்கக் கூடாதா?"

பேசிக்கொண்டே கழுவிய தூரிகைகளைக் குடுவையில் போட்டார். தலைகீழாக. மயிர்ப்பக்கம் கீழே போனால் நுனி வளைந்து நாசமாகிவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிற மனுஷர் அவர்.

"வெள்ளை தீந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு, போனை மறக்காமல் எடுத்துக்கொண்டு, அவர் கிளம்பிப் போய்விட்டார். அலமாரியில் மூடி திறக்காத வெள்ளைப் புட்டிகள் இரண்டு கதைக்காரியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதையைப் பூசி மெழுகுவது கதைக்காரிக்குத் தெரியாத வேலை இல்லை. பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கிய குரோனோஸ், அவள் புத்தகத்தில் அவர்களைப் பெட்டியில் ஒளித்து வைத்தான். பிரமீதியஸின் கல்லீரலைத் தினமும் கொத்தித் தின்ற கழுகு, அவனுடைய மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. 'அவருக்குப் பசிக்குமே, வேறு சாப்பாடு கொடுத்தீர்களா?' என்று ஒரு வாசகக் குழந்தை கேட்டு எழுதியிருந்தது. பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்ற ஹெராக்ளிஸ், வீட்டிலிருந்த பானைகளைப் போட்டு உடைத்தான். பானை உடைத்ததற்கா ஒரு மனுஷனைச் சிங்கத்தோடு சண்டை போட அனுப்புவார்கள் என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை.

பதிப்பகம் சொன்னது, அவள் செய்தாள். வீடு ஓட வேண்டுமே.

ஆனால் இத்தனை கதைகளைச் செதுக்கியதில் அவளுக்கு ஒரு மோப்பம் வந்திருந்தது. கதையில் எந்த இடம் வழுவழு என்று இருக்கிறதோ, அந்த இடத்தில் விரலை வைத்தால் போதும். அங்கேதான் ஏதோ எடுக்கப்பட்டிருக்கும்.

பழைய கதையில் ஹேடீஸ் தன்னிஷ்டத்துக்கு வரவில்லை. பெண்ணின் அப்பா ஸீயஸிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தான். அப்பா தலையாட்டினார். அம்மா டெமீட்டரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் கூவுகிற நேரத்தில் அந்த அப்பா தன் கோயிலில், எட்டாத தூரத்தில், தனக்குப் படைத்ததை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதைக்காரி தாளை மறுபடி பார்த்தாள். தேர் இருந்தது. குதிரைகள் இருந்தன. பிளந்த நிலம் அப்படியே இருந்தது. சிவப்புப் பென்சில் கடத்தலைத் தொடவே இல்லை. அடிபட்டது அப்பா மட்டும்தான்.

மேஜையின் மறுபக்கம், மெல்லிய தாள் போர்த்திய படம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தடவை தாள் போர்த்திவிட்டால், முடியும்வரை அதை யாரும் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். கதைக்காரி திறந்தாள்.

அவள் கண் நேராக ஹேடீஸின் முகத்துக்குப் போயிற்று. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஓவியருக்கு ஒரு குறை உண்டு. அவரால் முகத்தைக் கற்பனை செய்ய முடியாது. மலை, கடல், இறகு முளைத்த குதிரை, நூறு கை அரக்கன் என்று எதை வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். முகம் மட்டும் நிஜ மனிதர் யாருடையதாவது இருக்க வேண்டும். ஆள் கிடைக்கும்வரை அவருடைய தேவர்களும் வீரர்களும் கழுத்துக்கு மேலே கண் மூக்கு இல்லாத வெறும் முட்டையோடு காத்துக்கிடப்பார்கள். ஒற்றைக் கண் அரக்கன், இவர்கள் பல்லைப் பிடுங்கிய டாக்டர். பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புத்தலை மெடூசாவாக அண்ணியைப் போட்டபோது, அண்ணி ரொம்ப நாள் தம்பியோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்தப் படத்தையே தன் போனில் வைத்துக்கொண்டாள். "நடுச்சாப்பாட்டுல ஃபோன் பண்றவன் கல்லாப் போகட்டும்" என்று பெருமை வேறு.

இந்தப் புத்தகத்தில் டெமீட்டர் கதைக்காரியேதான். பெர்செபோனிக்கு மகளின் முகம். இரண்டும் எப்போதோ வரைந்து முடிந்துவிட்டன. ஹேடீஸ் மட்டும் முட்டையாகவே இருந்தான். போன மாதம் அச்சக வேலையாக ஓவியர் பெரிய நகரத்துக்குப் போய்விட்டு, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். அதற்கப்புறமும் போன வாரம்வரை முட்டைதான்.

இப்போது முகம் வந்திருந்தது.

முப்பது தாண்டிய முகம். ஒட்ட வெட்டிய தாடி. இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு கோடு. மூக்கின் இரண்டு பக்கமும் சின்னதாய்ப் பள்ளம். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றினால் தெரியுமே, அந்தப் பள்ளம்.

பாதாள ராஜா எந்தக் கடையில் கண்ணாடி வாங்கினார்?

இது பஸ்ஸில் பார்த்து வந்த முகம் இல்லை. எதிரே உட்கார வைத்து, 'தம்பி, கொஞ்சம் கண்ணாடியைக் கழட்டுங்க' என்று உரிமையாகச் சொல்லி, நிதானமாகப் பார்த்து வந்த முகம். அவ்வளவு உரிமையுள்ள ஒரு தம்பி கணவருக்கு இருக்கிறான், மனைவிக்குத் தெரியாது. அதோடு, அந்த முகத்தை வரைந்த கைக்கு அதை ரொம்பப் பிடித்திருந்தது. அதுவும் தெரிந்தது.

பக்கத்தில் மகளின் முகம். கதைக்காரி குனிந்து பார்த்தாள். போன வாரம்வரை அலறித் திறந்திருந்த வாய் இப்போது மூடியிருந்தது. உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட. விரலால் தடவினாள். சொரசொரவென்று இருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் மேலேயே வேறு வாய் வைத்திருக்கிறார்.

போர்த்தியிருந்த தாள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மாடிப்படி ஏறினாள்.

அண்ணி ஜன்னலோரம், இரண்டு கணினித் திரைகளுக்கு நடுவே, ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனை பேக்கரி, சலவைக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் தெரியும். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"வா, வா. கடைசிப் பக்கம் மட்டும்தான் பாக்கி. சாயந்திரம் அனுப்பலைன்னா பதிப்பகத்துக்காரன் எங்கிட்ட அழுவான்."

"அண்ணி, ஹேடீஸ் யாரு?"

"பாதாளத்துக்கு ராஜா. ஒனக்குத் தெரியாததா?"

"மூஞ்சி யாரோடது?"

அண்ணியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மெதுவாக மீண்டும் தொடங்கியது. "எவனாவது ரோட்டுல போனவனா இருக்கும். அவனுக்கா ஆள் கெடைக்காது?"

கதைக்காரி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேராகக் கேட்டால் அண்ணி பிடிகொடுக்க மாட்டாள். இருட்டில் ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தாள்.

"சரி, அது போகட்டும். எப்போ வர்றானாம்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்..." என்று சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஓ. சொல்லிட்டானா உங்கிட்ட?"

"இப்ப நீங்கதான் சொன்னீங்க."

அண்ணி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "அடிப்பாவி!"

"பாவி நான் இல்ல அண்ணி. சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். ஆரம்பிக்கும்வரைதான் தயக்கம். ஆரம்பித்த பிறகு குழாயை அடைக்க முடியவில்லை.

"உம் புருஷனோட படிச்ச சிநேகிதர் ஒருத்தர் இருக்காரே, பெரிய நகரத்துல. அவரோட பையன். சுரங்கப்பாதை தோண்டற இன்ஜினியர். ரயில் போகுமே, பூமிக்கு அடியில, அந்த வேலை. அதான் இந்தக் கிறுக்கன் அவனையே கொண்டுபோய் ஹேடீஸா உக்கார வெச்சிட்டான். 'பொருத்தமா இருக்குல்லக்கா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு."

கதைக்காரி சிரிக்கவில்லை.

"அவர் வீட்டுல பொண்ணு கேட்டிருக்காங்க. இவனும் சரின்னு சொல்லிட்டு வந்துட்டான். பையன் அடுத்த வருஷம் வேற நாட்டுக்குப் போறானாம். அங்க ஏதோ பெரிய சுரங்கமாம். நம்ம பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுவான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

"உங்கிட்ட சொன்னா நோண்டுவன்னு பயந்தான். ஞாயித்துக்கிழமை ஆளை நேர்ல பாத்துட்டா உனக்கே புடிச்சுப் போயிடும்னு நெனச்சான். நானும் கேட்டுப் பாத்தேன், நல்ல எடம்தான். சும்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. மாப்பிள்ளை ஒண்ணும் உனக்குக் கொறஞ்சவன் இல்ல."

இந்த வரியைக் கதைக்காரி ஏற்கெனவே படித்திருந்தாள்.

பழைய கதையில் மகளைக் காணாத டெமீட்டர், சாப்பிடாமல் குளிக்காமல், கையில் தீப்பந்தத்தோடு உலகமெல்லாம் தேடுகிறாள். கடைசியில் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிற சூரியனிடம் போய்க் கேட்கிறாள். சூரியன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். சொல்லிவிட்டு, 'அழாதே, மாப்பிள்ளை ஒன்றும் உனக்குக் குறைந்தவன் இல்லை' என்கிறான். எழுதும்போது அந்த வரியை யாரும் வெட்டச் சொல்லவில்லை. கதைக்காரியே வெட்டினாள். பெண்ணைப் பறிகொடுத்தவளிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா, நம்பும்படி இல்லையே என்று நினைத்துத்தான் வெட்டினாள்.

"பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. யாரும் சொல்லல. சத்தியமா."

"அவ என்ன மூட்டையா அண்ணி? தேர் வந்து நின்னா தூக்கி வெச்சு அனுப்ப?"

"தேரா? என்ன தேரு?" என்றாள் அண்ணி.

கதைக்காரி கீழே இறங்கிவிட்டாள்.

ஓவியர் வெறுங்கையோடு திரும்பினார். "வெள்ளை ஸ்டாக் இல்லையாம்" என்று தொடங்கியவர், தரையில் கிடந்த தாளையும் திறந்து கிடந்த படத்தையும் பார்த்தார். வார்த்தை பாதியில் நின்றது.

கதைக்காரி சத்தம் போடவில்லை. அவருடைய நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. அண்ணி சொல்லிட்டாங்க. நான் சண்டைக்கு வரல. அந்தப் பையன் கதையைச் சொல்லுங்க, கேக்கறேன்."

ஓவியர் அவள் முகத்தைத் துழாவிப் பார்த்தார். பிறகு பெரிய மூச்சொன்றை விட்டு உட்கார்ந்தார். மனசுக்குள் அடைத்து வைத்து அடைத்து வைத்து அவருக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது. கொட்டினார்.

"தங்கமான பையன். சின்ன வயசுலயே அம்மா இல்ல. எல்லாம் அவனா படிச்சான். படிப்பு முடிஞ்சதும் மொதல் வேலையே ஆத்துக்கு அடியில சுரங்கம். ஒரு நாள் சுவரு ஒடஞ்சு தண்ணி உள்ள வந்துடுச்சு. எல்லாரும் ஓடறாங்க. இவன் திரும்பிப் போய் ரெண்டு பேரை இழுத்துட்டு வந்திருக்கான். அந்தப் புருவத்துக் காயம் அப்ப பட்டதுதான். அந்தச் சுரங்கம் முடிஞ்சுது. இப்ப இந்தக் கம்பெனியில பெரிய பொறுப்பு. சிகரெட்டு இல்ல, குடி இல்ல. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். கண்ணாடியைக் கழட்டுங்க தம்பின்னேன், ஏன்னுகூடக் கேக்காம கழட்டினான்."

நன்றாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் கதை சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆனால் கேட்கிற காது தொழில் தெரிந்த காதாயிற்றே. வழுவழுவென்று ஓர் இடம் வந்துபோனது.

"ஆத்துச் சுரங்கம் எப்போ முடிஞ்சுது?"

"அது ஆச்சு... நம்ம பொண்ணு காலேஜ் சேர்ந்த சமயம்."

"இந்தக் கம்பெனியில எப்போ சேர்ந்தான்?"

"போன வருஷம்னு நெனைக்கறேன்."

"நடுவுல?"

"நடுவுலன்னா?"

"நம்ம பொண்ணு காலேஜ் முடிச்சா, மேல படிச்சா, வேலைக்கும் போயாச்சு. அத்தனை வருஷம் இவன் எங்க இருந்தான்?"

ஓவியர் திருதிருவென்று விழித்தார். "எங்கயாவது வேலை பாத்திருப்பான்."

"எங்க?"

"அவங்கப்பா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"நீங்க கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? இத்தனை வருஷச் சிநேகிதன். போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கச் சொல்றியா?"

"நாம ஒரு சோபா வாங்கினப்ப அந்தக் கடைக்காரனை எத்தனை கேள்வி கேட்டீங்க? சோபா அழுதுடும் போல இருந்துச்சு."

"அதும் இதும் ஒண்ணா?"

"இல்லதான். சோபாவைத் திருப்பிக் குடுக்கலாம்."

ஓவியரின் முகம் சிவந்தது. "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். சிரிச்சா சந்தேகம், நல்லது சொன்னா சந்தேகம். உலகத்துல நல்லவன்னு ஒருத்தன் இருக்கவே கூடாதா? நான் அவளைப் பெத்த அப்பன். நான் இருக்கும்போதே அவளை ஒரு நல்ல எடத்துல..."

"ஏன், நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் போகல!"

"அப்புறம் என்ன அவசரம்? அவங்கப்பா நடுவுல கொஞ்சத்தை எடுத்துட்டுக் கதை சொன்னாரு. நீங்க கேக்காம வாங்கிட்டு வந்தீங்க. போதாததுக்கு எம் பொண்ணு வாயை வேற சுரண்டி மூடிட்டீங்க."

ஓவியர் படத்தைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் ஷூவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மகள். இன்று சீக்கிரமே வந்துவிட்டாள்.

அவள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கட்டடம் கட்டுகிறவர்கள், பாலம் போடுகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற மண்ணை அழுத்தி, நனைத்து, காய வைத்து, எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது வேலை. அப்பா அவளை 'மண்ணாங்கட்டி' என்றுதான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஓவியர் அவசரமாக எழுந்து, குனிந்து தரையிலிருந்த தாளை எடுக்கப் பார்த்தார். அது நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டிக் கிழிந்தது. மாடிப்படியில் தடதடவென்று அண்ணி இறங்கி வந்தாள். அவள் வந்து நிற்பதற்குள் மகள் உள்ளே வந்துவிட்டாள்.

"டீ இருக்காம்மா? என்ன, எல்லாரும் இப்படி நிக்கறீங்க? மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்கு!"

அவள் கண் மேஜைக்குப் போயிற்று. தன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். சிரித்தாள்.

"அப்பா, என் வாயை என்ன பண்ணினீங்க? போன வாரம் நல்லா கத்திட்டிருந்தேனே!"

"அது... பதிப்பகத்துல..." என்று ஓவியர் மென்று விழுங்கினார்.

அதற்குள் அவள் பார்வை பக்கத்து முகத்துக்கு நகர்ந்திருந்தது. சிரிப்பு நின்றது. தோளில் தொங்கிய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவரை நீங்க எங்க பாத்தீங்க?"

"யாரை? இதுவா? இது சும்மா... கற்பனை."

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பொய்யை யாரும் சொன்னதில்லை. அண்ணிகூடக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கதைக்காரி மகளின் பக்கத்தில் போய் நின்றாள். "உனக்கு இந்த ஆளைத் தெரியுமா?"

"லேபுக்கு வருவாரு. சுரங்கம் தோண்டற எடத்துலேர்ந்து மண்ணு கொண்டு வருவாரு."

"வேற எதுவும்?"

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று கதைக்காரிக்குத் தோன்றியது. நேராகவே சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாராம். உன்னைக் கேட்டு. அப்பா சரின்னு வார்த்தை குடுத்துட்டு வந்துட்டார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

மகள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். வண்ணக்கறை படிந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் இவ்வளவு நிதானமாக உட்கார்ந்து கதைக்காரி பார்த்ததில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எப்போப்பா கேட்டாங்க?"

"போன மாசம். அச்சாபீஸ் வேலையா நான் போனேனே, அப்போ." ஓவியர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "நீ அவனைப் பாத்திருக்கியா? நல்லதாப் போச்சு. நான் சொல்ல வேண்டியதே இல்ல. அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கும், எவ்வளவு..."

"போன மாசமா?" அவள் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டவள்போல் தலையை ஆட்டினாள். "அப்ப என்னைக் கேட்டதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்திருக்காங்க."

"உன்னைக் கேட்டானா?"

"கேட்டாரு. முடியாதுன்னு சொன்னேன். மறுபடியும் வந்து கேட்டாரு. மறுபடியும் முடியாதுன்னு சொன்னேன்."

"ஐயோ" என்றாள் அண்ணி, யாருக்கும் கேட்காத குரலில்.

ஓவியர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் பார்வை தான் வரைந்த அந்த நல்ல முகத்தின்மேல் போய் விழுந்தது. அதை முதல் தடவையாகப் பார்ப்பவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள் கதைக்காரி.

"முடியாதுன்னு சொல்லியாச்சு, முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்ம்மா. உங்களை எதுக்குக் கலவரப்படுத்தணும்னுதான்."

"அவனை ஏன் வேணாம்னு சொன்ன? என்ன பண்ணினான்?"

மகள் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் எதையோ கேட்கப் போனார். அவள் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினாள்.

"அதை, அப்பா வெளியில போனப்புறம் சொல்றேன்."

அண்ணிதான் முதலில் நகர்ந்தாள். தம்பியின் பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டாள்.

"எந்திரிடா."

ஓவியர் எழுந்திருக்கவில்லை.

(தொடரும்)